ஆசிரியர் பெயரில் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில்: முழுமையான வழிகாட்டி

படிப்பித்த ஆசிரியர் ஓய்வு பெற்றாலோ காலமானாலோ, பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழும் கேள்வி "ஆளுக்கு எவ்வளவு போடலாம்?" என்பதுதான். அது நான்காவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. யாருக்குக் கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம், யார் கையால் கொடுக்கிறோம் என்ற மூன்றும் முதலில் முடிவாக வேண்டும். இவை முடிவாகாமல் சேர்த்த பணம் வருடக்கணக்கில் வங்கியில் கிடப்பதைக் கொழும்பில் பார்த்திருக்கிறேன்.

இலங்கையின் அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் படிக்கும் மாணவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லாப் படிகளுக்கும் ஒரே அளவுகோல்தான். இருபது வருடம் கழித்து, ஆசிரியரையும் உங்களையும் அறியாத ஒருவர் உங்கள் ஆவணத்தைக் கையில் எடுத்தால், யாரிடமும் விளக்கம் கேட்காமல் சரியான மாணவருக்குச் சரியான நாளில் பணம் அனுப்ப முடிய வேண்டும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை:

- ஆசிரியரின் அல்லது அவர் குடும்பத்தாரின் எழுத்துமூலச் சம்மதம்
- பொறுப்பெடுக்க மூன்று முதல் ஐந்து பேர். அவர்களில் இருவராவது இலங்கையில் நிரந்தரமாக இருப்பவர்கள்
- ஒரு சட்டத்தரணி, கணக்கு பார்க்கத் தெரிந்த ஒருவர்
- முதல் மாணவரைப் பட்டம் பெறும்வரை தாங்கக்கூடிய தொகைக்கான உறுதிமொழிகள் (பணம் இன்னும் வந்திருக்கத் தேவையில்லை)

1. சம்மதம் வாங்குங்கள், பெயரை உறுதி செய்யுங்கள்

ஆசிரியர் உயிரோடு இருந்தால் நேரே போய்க் கேளுங்கள். தன் பெயர் வேண்டாம், தான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் பெயரை வையுங்கள் என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அந்த விருப்பத்தை மதிப்பதுதான் முதல் மரியாதை.

காலமானவர் என்றால், ஒரு பிள்ளையிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் கடிதம் போகட்டும். குடும்பத்தில் வேறொருவர் ஏற்கெனவே ஒரு நினைவு நிதியம் தொடங்கியிருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் மாணவரும் குழம்புவார், வங்கியும் குழம்பும்.

பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே கடிதத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். முதலெழுத்துகளும் எழுத்துக்கூட்டலும் அதில் உள்ளபடியே எல்லா ஆவணங்களிலும் வர வேண்டும். உறுதியில் (நிதியத்தை அமைக்கும் சட்ட ஆவணத்தில்) ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி என்றால் காசோலை திரும்பி வரும்.

2. மாணவருக்கு எது குறைகிறது என்று பாருங்கள்

பலருக்கு முதலில் தோன்றுவது தங்கப்பதக்கம். பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் பட்டமளிப்பு விழா, மேடையில் ஆசிரியரின் பெயர் வாசிக்கப்படும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் பதக்கம் கிடைப்பது படித்து முடித்தவருக்கு. படிக்க முடியாமல் திணறும் முதல் வருட மாணவருக்கு அது உதவாது. தங்கத்தின் விலை ஏறும் வேகத்துக்குப் பழைய பதக்க நிதிகளின் வட்டி ஈடுகொடுப்பதும் கடினம். நான் எப்போதும் மாதாந்த உதவியைத்தான் சொல்வேன்.

அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் கட்டணம் இல்லை. அதனால் "கட்டணம் செலுத்த உதவி" என்று ஆவணத்தில் எழுதினால் அந்தப் பணத்தைச் செலவழிக்கவே வழி இருக்காது. உண்மையான செலவு அறை வாடகை, சாப்பாடு, பஸ், மடிக்கணினி, போட்டோ கொப்பி. முல்லைத்தீவிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ கொழும்புக்கு வரும் பிள்ளைக்கு விடுதி கிடைக்காத வருடங்களில் வாடகைதான் பெரிய சுமை.

பல்கலைக்கழக மாணவருக்கு ஏற்கெனவே மகாபொல புலமைப்பரிசிலும் பேசரி என்ற உதவித்தொகையும் இருக்கின்றன. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பேசரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் உயர்த்தப்பட்டன. இரண்டும் கொழும்பு வாழ்க்கைச் செலவுக்குப் போதாது. அதோடு, முதல் வருட மாணவருக்கு அந்தப் பணம் வந்து சேரச் சில மாதங்கள் எடுக்கும். முற்பணமும் வாடகையும் மெத்தையும் வாங்க வேண்டிய நேரம் அந்த முதல் மாதங்கள்தான்.

ஆகவே இரண்டு பகுதியாகக் கொடுங்கள்: சேர்ந்தவுடன் ஒருமுறை தொடக்கத் தொகை, அப்புறம் மாதாந்தத் தொகை. மகாபொல பெறுபவர் இதையும் பெறலாமா என்பதை இப்போதே தீர்மானியுங்கள். பெறலாம் என்பது என் கருத்து. எப்படி முடிவெடுத்தாலும் சரி, அதை எழுத்தில் வையுங்கள். எழுதாமல் விட்டால் ஒவ்வொரு வருடமும் தெரிவுக் குழுவில் அதே வாக்குவாதம்தான்.

3. கணக்கைப் போடுங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

மாதம் 10,000 ரூபா என்றால் ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 120,000. "வருடம் ஒருவருக்குக் கொடுப்போம், ஒன்றே கால் இலட்சம் போதும்" என்று குழு முடிவெடுக்கும். ஆனால் பட்டம் நான்கு வருடம். வருடம் ஒரு புதிய மாணவர் சேர்ந்தால், நான்காம் வருடத்தில் நான்கு பேர் இருப்பார்கள். அப்போது தேவை 480,000. தொடக்கத் தொகை இதற்கு மேலே.

இதை வட்டியில் மட்டும் நடத்த எவ்வளவு முதல் (மூலதனம்) வேண்டும்? நிலையான வைப்புக்கு 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டியில் வங்கி பிடித்து வைக்கும் வரி 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம். மிஞ்சுவது 7.2 சதவீதம். அதை முழுவதும் செலவழிக்கக் கூடாது. விலைவாசி ஏறும்போது முதலும் வளர வேண்டும். மூன்றில் ஒரு பங்கைத் திரும்ப மூலதனத்தோடு சேர்த்தால், செலவழிக்கக் கிடைப்பது 4.8 சதவீதம். 480,000 ரூபாவுக்கு அப்படியானால் 1 கோடி ரூபா முதல் தேவை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாணவர், அவர் முடித்த பிறகே அடுத்தவர் என்றால் 25 இலட்சம்.

முதலைக் காக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம் வரை போனது. அதற்கு முன் "மாதம் 3,000 ரூபா" என்று நிலையாக எழுதி வைத்த உதவி, அந்த வருட முடிவில் சில நாள் சாப்பாட்டுக் காசாகச் சுருங்கிவிட்டது.

1 கோடி என்றதும் கைவிட வேண்டாம். வட்டியை நம்பாமல் முதலையே செலவழிக்கும் வழி இருக்கிறது. ஒரு மாணவரின் நான்கு வருட மாதாந்தத் தொகைக்கு 480,000 போதும். 40 பழைய மாணவர்கள் ஆளுக்கு 12,000 ரூபா போட்டால் தீர்ந்தது. முதல் மாணவரை இப்படித் தொடங்கிவிட்டு, நிரந்தர நிதியைப் பக்கத்தில் மெதுவாகக் கட்டுங்கள். ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருப்பது தெரிந்தால் அடுத்த பணம் சேர்ப்பது இலகு.

ஒரு எச்சரிக்கை: நான்கு வருடப் பட்டம் நான்கு வருடத்தில் முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். 2020 தொற்றுக் காலத்திலும் 2022 நெருக்கடியிலும் படிப்புக் காலம் இழுபட்டது, வேலைநிறுத்தங்களிலும் அப்படித்தான். மருத்துவம் எப்படியும் ஐந்து வருடம். ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தது ஆறு மாதக் கொடுப்பனவை மேலதிகமாக ஒதுக்கி வையுங்கள்.

4. யார் கையால் கொடுப்பது என்று தெரிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, பல்கலைக்கழகத்திடமே ஒப்படைப்பது. பீடாதிபதியுடன் பேசி முன்மொழிவைக் கொடுத்தால், அது பீடச்சபை, கல்வி விடயங்களைப் பார்க்கும் மூதவை, நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவை என்று படிப்படியாகப் போகும். நிறுவனம் நிலைத்திருக்கும், மாணவர் விபரம் அவர்களிடமே இருக்கும் என்பவை இதன் பலம். நேரம் எடுக்கும், விதிகளைப் பிறகு மாற்றுவது கடினம் என்பவை பலவீனம். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் உள்ள நிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கேட்கவும் இடமுண்டு. வரி கட்டுபவர்கள் தங்கள் கணக்காளரிடம் காட்டட்டும்.

இரண்டாவது, சொந்தமாக ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் (டிரஸ்ட்). நொத்தாரிசு முன் உறுதி எழுதி, அதன் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பது. முடிவுகள் விரைவாக எடுக்கலாம். எந்தப் பல்கலைக்கழக மாணவருக்கும் கொடுக்கலாம். ஆனால் பொறுப்பாளர்கள் சோர்ந்தால் நிதியமும் சோரும்.

மூன்றாவது, ஏற்கெனவே ஒழுங்காக இயங்கும் பழைய மாணவர் சங்கத்தின் கீழ் தனிக் கணக்காக வைப்பது. சிறிய தொகைக்கு இதுதான் சரி. சங்கத்தின் கடைசி மூன்று வருடக் கணக்காய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தரத் தயங்கினால் வேறிடம் பாருங்கள்.

50 இலட்சத்துக்குக் குறைவான தொகைக்குச் சொந்த நிதியம் தொடங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. சட்டச் செலவும் கணக்காய்வுச் செலவும் மாணவருக்குப் போக வேண்டிய பணத்தைத் தின்றுவிடும்.

5. தகுதியைச் சுருக்காமல் முன்னுரிமையை எழுதுங்கள்

ஆசிரியர் மீதுள்ள அன்பில் குழுக்கள் இப்படி எழுதும்: "எமது பள்ளியில் படித்த, பௌதிக விஞ்ஞானம் கற்கும், வருமானம் குறைந்த குடும்பத்து மாணவி." அழகான விருப்பம். ஆனால் இரண்டு வருடம் அப்படி ஒருவரும் வராவிட்டால் பணம் முடங்கும்.

கட்டாயத் தகுதியை இரண்டோடு நிறுத்துங்கள்: அரச பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், வருமானத் தேவை இருக்க வேண்டும். மற்றதெல்லாம் முன்னுரிமை வரிசையில் வரட்டும். முதலில் எமது பள்ளி மாணவர், இல்லையேல் அதே பாடத்துறை மாணவர், அவரும் இல்லையேல் பின்தங்கிய மாவட்ட மாணவர் என்று. இப்படி எழுதினால் எந்த வருடமும் வெறுமையாகப் போகாது.

எது பின்தங்கிய மாவட்டம் என்று நீங்கள் விவாதிக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக்காகவே 16 மாவட்டங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நுவரெலியா, மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு எல்லாம் அதில் உண்டு. அந்தப் பட்டியலை அப்படியே சுட்டினால் போதும்.

6. உறுதியை எழுதுங்கள்

சட்டத்தரணியிடம் போகுமுன் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எல்லாவற்றையும் எழுதி, குழுவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். சட்ட மொழிக்குப் போன பிறகு வரும் ஒவ்வொரு மாற்றமும் செலவு. இந்தப் பகுதிகள் கட்டாயம் இருக்கட்டும்:

நிறுவனத்தின் பெயர் மாறினால் என்ன செய்வது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. "வவுனியா வளாக மாணவருக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால் பொறுப்பாளருக்குத் தலையிடிதான். "அல்லது அதன் பணியைத் தொடரும் நிறுவனம்" என்ற ஒரு தொடர் இதைத் தீர்க்கும். துறைகளுக்கும் பாடநெறிகளுக்கும் இதையே எழுதுங்கள்.

தொகையை யார் மாற்றலாம். ரூபாக் கணக்கை உறுதிக்குள் நிலையாக எழுத வேண்டாம். "பொறுப்பாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மீளாய்வு செய்து தீர்மானிக்கும் தொகை" என்று எழுதி, தொகையைத் தனி இணைப்பில் வையுங்கள்.

பொறுப்பாளர் விலகினால் அடுத்தவர் யார். கொழும்பில் அடிக்கடி நடப்பது இது: கையொப்பமிடும் இருவரில் ஒருவர் பிள்ளைகளோடு கனடா போய்விடுவார், கணக்கு அசையாது. மூவரில் எந்த இருவரும் கையொப்பமிடலாம் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாதவர் கையொப்பப் பொறுப்பிலிருந்து தானாக விலகுவார் என்றும் எழுதுங்கள். ஒருவராவது நாற்பது வயதுக்குக் குறைந்தவராக இருப்பது நல்லது.

மாணவர் ஒரு பாடத்தில் சறுக்கினால். "எல்லாப் பாடமும் சித்தி" என்ற நிபந்தனை கொடுமையானது. தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைக்கு முதல் வருடம் மிகக் கடினம். ஒரு வருடம் தடுமாறலாம், பணம் நிற்காது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

உறவினர் விண்ணப்பித்தால். பொறுப்பாளரின் அல்லது ஆசிரியரின் உறவினர் விண்ணப்பிக்கும் வருடத்தில் அந்தப் பொறுப்பாளர் தெரிவில் உட்காரக் கூடாது.

நிதியம் முடிவுக்கு வந்தால். மிச்சப் பணம் எந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலனுக்குப் போகும் என்று பெயர் குறிப்பிடுங்கள். யாருடைய பைக்கும் திரும்பாது என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும்.

7. இப்போது பணம் சேருங்கள்

31 ஆம் நாள் நினைவு மலரில் போட வேண்டும் என்ற அவசரத்தில், எதுவும் எழுதப்படாமல் புலமைப்பரிசிலை அறிவிப்பதுண்டு. துக்கத்தில் எடுத்த அந்த வாக்கு உண்மையானதுதான். ஆனால் மலரில் "ஏற்பாடு செய்து வருகிறோம்" என்று மட்டும் போடுங்கள். தொகை, எண்ணிக்கை எதுவும் வேண்டாம். முதலாம் ஆண்டுத் திவசத்தில் முதல் மாணவரைப் பற்றிச் சொல்லலாம்.

தனியாள் கணக்கில் ஒரு ரூபாகூட வாங்காதீர்கள். எவ்வளவு நம்பிக்கையானவர் என்றாலும் சரி. அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பணம் அவர் வாரிசுகளின் சொத்தாகக் கருதப்படும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வங்கி வழியாகவே வரட்டும். வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றும் உண்டியலில் அனுப்பினால் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பார்கள். அதற்கு ஆவணம் இல்லை, கணக்காய்வில் காட்ட வழியில்லை. லண்டனில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு வரிச் சலுகையோடு கொடுக்க விரும்பினால், அங்கே பதிவான ஓர் அறநிலையம் வழியாகத்தான் முடியும். அதற்கு அவர்களையே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

சேர்ந்த பணத்தில் ஒரு வருடக் கொடுப்பனவைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதியை வெவ்வேறு மாதங்களில் முதிரும் நிலையான வைப்புகளாகப் பிரியுங்கள். ஒரே வைப்பாகப் போட்டுவிட்டு இடையில் முறித்தால் வட்டி குறையும். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அதிக வட்டி தருவதாகச் சொல்லும் சிறிய நிதி நிறுவனங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

8. விண்ணப்பமும் தெரிவும்

நேரம் முக்கியம். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகி, மாணவர் பதிவு செய்யும் வாரங்களிலேயே விண்ணப்பம் திறந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் தொடங்கி நாலு மாதம் கழித்துத் தெரிவு செய்தால், தேவை மிகுந்த பிள்ளை ஏற்கெனவே கடன் வாங்கியிருப்பார்.

ஆவணங்களைக் குறையுங்கள்: பதிவுக் கடிதம், பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலர் சான்றிதழ், வருமானச் சான்று. குடும்பம் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறுகிறது என்றால் அந்த ஆவணமே வருமானத்துக்குப் போதும். ஒவ்வொரு மேலதிகக் கடிதமும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி இழப்பு.

தோட்டப்புற மாணவருக்குத் தபாலில் மட்டும் அறிவிக்காதீர்கள். தொழிலாளர் வாழும் லயன் எனப்படும் வரிசை வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து நாள் கடந்து கிடைக்கும். தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நேர்முகத்தில் வீட்டுக் கஷ்டத்தை விவரிக்க வைக்க வேண்டாம், அது ஆவணத்தில் இருக்கிறது. மாதச் செலவு எப்படிப் போகிறது, எங்கே தங்குகிறாய், எந்தப் பாடம் கடினம் என்று கேளுங்கள். தெரிவாகாதவர்களுக்கும் பதில் போக வேண்டும்.

9. பணத்தை அனுப்புங்கள்

மாணவரின் சொந்தக் கணக்குக்கு, மாதம் 25 ஆம் திகதி, வங்கியே மாதாமாதம் தானாக அனுப்பும் நிலையியற் கட்டளை மூலம். 25 என்பதற்குக் காரணம், வாடகை முதலாம் திகதி கேட்கப்படும். கையால் அனுப்பும் முறை வைத்தால், பொருளாளர் ஊருக்குப் போன மாதத்தில் பிள்ளை பட்டினி.

பெரிய காசோலை அட்டையோடு மேடையில் படம் எடுத்து முகநூலில் போடுவதை நான் மனதார எதிர்க்கிறேன். அந்தப் பிள்ளை அடுத்த நாள் சக மாணவர் நடுவில் உட்கார வேண்டும். ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கத்தில் எழுதி மாணவருக்குக் கொடுங்கள். தன்னைத் தாங்குவது யாருடைய பெயர் என்று அவர் அறிந்துகொள்ளட்டும்.

10. வருடம் ஒருமுறை

மார்ச் 31 இல் கணக்கை மூடி, நன்கொடையாளர் எல்லோருக்கும் ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள்: வந்த பணம், வட்டி, கொடுத்தது, இருப்பு, எத்தனை மாணவர், எந்த ஆண்டு. மாணவர் பெயர் வேண்டாம். அதே வாரத்தில் வைப்புகள் முதிரும் திகதிகளையும் கையொப்பக்காரர் பட்டியலையும் சரிபார்த்து, உறுதியின் பிரதி ஒன்றை மிக இளைய பொறுப்பாளரின் வீட்டில் வையுங்கள்.